வழக்கை வாபஸ் பெறுமுன்

(திருநீர்மலையில் சுற்றுவட்டார ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால், அது வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் இங்கே காத்திருந்தார் என்று இவ்வூர்த் தலவரலாறு கூறும். காத்திருப்பது எளிதன்று என்பதை வழக்கு மன்றத்தின் படியேறியவர்கள் நன்கு அறிவார்கள். ஆண்டுகள் பல செல்கின்றன, கைப்பொருள் கரைகிறது, உற்றார் உறவினர் இரு பிரிவாகின்றனர். இறுதியில், "போதும், வாபஸ் வாங்கிவிடுவோம்" என்ற எண்ணம் எழுகிறது. அவ்வெண்ணம் பல வேளைகளில் நல்லதே. ஆனால் வாபஸ் பெறும் முறையில் தவறு நேருமாயின், அவ்வுரிமையைக் கேட்டு மறுபடியும் மன்றத்தின் வாயிலை மிதிக்க இயலாமற் போகும். இதனைத் தங்களுக்கு விளக்கிச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

சென்னை மாநகர் தெற்கே விரிந்து வந்துவிட்டது. இத்திருநீர்மலையே பேரூராட்சியாக இருந்து, 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. நிலத்தின் மதிப்பு உயர உயர, வரப்புத் தகராறும் வண்டிப்பாதைத் தகராறும் பட்டாத் தகராறும் பெருகுகின்றன. முன்பு ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் தீர்த்து வைத்தவை இன்று நீதிமன்றத்திற்குச் செல்கின்றன. ஆகவே இச்சட்ட அறிவு வக்கீல்களுக்கு மட்டுமே உரியது என்று நாம் இருந்துவிடலாகாது.

சட்டம் கூறுவது என்ன?

உரிமையியல் வழக்குகளின் நடைமுறையை வகுப்பது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம். அதன் 23ஆவது கட்டளையின் 1ஆவது விதி வாபஸ் பற்றியது. வழக்குத் தொடுத்த வாதி எந்தக் கட்டத்திலும் அவ்வழக்கை முழுமையாகவோ அதன் ஒரு பகுதியையோ கைவிடலாம். இது அவருடைய உரிமை. ஆனால் மன்றத்தின் அனுமதியின்றிக் கைவிட்டால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, எதிர்த்தரப்பின் செலவுத் தொகையைக் கொடுக்குமாறு மன்றம் கட்டளையிடலாம். மற்றொன்று, அதே பொருள் குறித்து அதே எதிரிமேல் புதிய வழக்குத் தொடுக்கும் உரிமை அற்றுப்போகும். இந்த இரண்டாவதே நாம் முக்கியமாக நினைவிற்கொள்ள வேண்டியது.

மீண்டும் வழக்கிட வேண்டுமாயின் வழி உண்டா? உண்டு. "புதிய வழக்குத் தொடுக்கும் உரிமையுடன் வாபஸ் பெற அனுமதிக்க வேண்டும்" என்று மன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். வடிவக் குறை ஒன்றினால் வழக்குத் தோற்றுப்போகும் என்றோ, அதற்கு ஒப்பான போதிய காரணம் உண்டு என்றோ மன்றம் கருதினால்தான் அவ்வனுமதி கிடைக்கும்.

வடிவக் குறை என்பது யாது? தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியுள்ளது. அரசின்மீது வழக்கிடுமுன் 80ஆவது பிரிவின்படி கொடுக்க வேண்டிய அறிவிப்பைக் கொடாமை, வழக்கின் மதிப்பைச் சரியாகக் கணக்கிடாமை, நீதிமன்றக் கட்டணம் குறைவாயிருத்தல், வழக்குச் சொத்தை அடையாளம் காண்பதில் குழப்பம், சேர்க்கத் தகாதவர்களைத் தரப்பினராகச் சேர்த்தல் போன்றவை அதில் அடங்கும். சர்வே எண் உட்பிரிவாகி மாறிய பின்னரும் பழைய எண்ணையே பிராதில் எழுதிவிடுவது நம் பகுதியில் அடிக்கடி காணும் சங்கதி. இத்தகைய குறைக்கு வாபஸ் ஒன்றே மருந்தன்று. விசாரணை தொடங்குமுன், 6ஆவது கட்டளையின் 17ஆவது விதிப்படி பிராதைத் திருத்தும் மனு கொடுப்பது பெரும்பாலும் எளிய வழி என்பதை வக்கீலிடம் கேட்டறிக.

சாட்சியம் போதவில்லை, தீர்ப்பு நமக்கு எதிராக வரும்போலிருக்கிறது என்பதற்காக இவ்வனுமதியைக் கேட்டல் தகாது. 2000ஆம் ஆண்டில், தமிழ்நாட்டைச் சேர்ந்த மற்றொரு வழக்கில், கீழ் மன்றங்களின் தீர்ப்புகளுக்குப் பின் இரண்டாம் மேல்முறையீட்டில் அளிக்கப்பட்ட அனுமதியை உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. எதிர்த்தரப்புக்குக் கிடைத்துள்ள நன்மையை அனுமதி பறித்துவிடக் கூடுமாகையால், மன்றம் எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தே அதனை அளிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பேருந்து நிறுவனத்தின் வழக்கு

உயர்நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ்த் தாக்கல் செய்யும் ரிட் மனுக்களுக்கும் இக்கொள்கை பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையளித்தது சர்குஜா டிரான்ஸ்போர்ட் சர்வீஸ் என்னும் பேருந்து நிறுவனத்தின் வழக்கு. போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்து இந்நிறுவனம் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்தது. பின்னர் அதனை வாபஸ் பெற்றது. மீண்டும் தாக்கல் செய்யும் அனுமதியைப் பெறவில்லை. பிறகு அதே ஆணையை எதிர்த்து இரண்டாவது மனுவைக் கொண்டுவந்தது. உயர்நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதி செய்தது. நீதிபதி ஈ. எஸ். வெங்கடராமையா அத்தீர்ப்பை எழுதினார்.

இதற்குக் காட்டப்பட்ட காரணம் நம் மனத்திற்கு உடன்பாடானது. முதலில் ஒரு நீதிபதியின் முன் மனுவை வைப்பது, அவர் இசையாரென்று தோன்றினால் வாபஸ் பெறுவது, பின்னர் வேறு நீதிபதி அமரும் நாள் பார்த்து மறுபடி தாக்கல் செய்வது என்ற வழக்கம் பெருகினால், நீதியின் மாண்பு குன்றும். சந்தையில் கடைக்குக் கடை விலை கேட்டு அலைவது போல நீதிபதியைத் தேடி அலைதல் பொதுநலனுக்கு மாறானது. ஆகவே பொதுக் கொள்கையை முன்னிட்டு இத்தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிற்கான சிறப்பு அனுமதி மனுக்களுக்கும் உச்ச நீதிமன்றம் இதனைப் பொருத்தியுள்ளது. 2025ஆம் ஆண்டிலும் ஒரு வங்கி தொடர்பான வழக்கில் இதனையே வலியுறுத்தியது.

அத்தீர்ப்பிலேயே இரண்டு விலக்குகள் உண்டு. முதலாவது, வாபஸ் பெறப்பட்ட மனுவில் மன்றம் வழக்கின் தன்மையை ஆராய்ந்து முடிவு சொல்லவில்லை. எனவே உரிமையியல் வழக்குப் போன்ற வேறு பரிகாரங்கள் திறந்தே இருக்கலாம். இரண்டாவது, ஒருவரைச் சட்டவிரோதமாகச் சிறை வைத்தது பற்றிய ஆட்கொணர்வு மனுவிற்கு இத்தடை இல்லை. மனிதனின் தனி விடுதலை, பேருந்துப் பர்மிட்டைப் போன்றதன்று.

வாய்மொழி வாக்குறுதியின் ஆபத்து

இப்போது நம் கிராமத்து நடைமுறைக்கு வருவோம். ஓர் உழவர் தம் வயலுக்குச் செல்லும் வண்டிப்பாதையை அடுத்த நிலத்துக்காரர் வேலியிட்டு மறித்தார் என்று வழக்கிடுகிறார் என வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகள் சென்றபின் எதிரி வந்து, "அண்ணே, நமக்குள் எதற்கு வம்பு? நீங்கள் வாபஸ் வாங்குங்கள், நான் வேலியை எடுத்துவிடுகிறேன்" என்கிறார். உழவரும் மகிழ்ந்து, வாபஸ் என்று ஒரு வரி எழுதி மன்றத்தில் கொடுத்துவிடுகிறார். அறுவடை முடிகிறது. வேலி எடுக்கப்படவில்லை. மறுபடி வழக்கிடச் சென்றால், "அனுமதியின்றி வாபஸ் பெற்றீரே, அதே பொருளில் புதிய வழக்கு நில்லாது" என்று எதிரியின் வக்கீல் எழுந்து சொல்கிறார்.

இதனைத் தவிர்க்கும் வழி அதே 23ஆவது கட்டளையில், 3ஆவது விதியில் உள்ளது. சமாதானம் ஏற்பட்டால் அதனை எழுத்தில் வடித்து, இரு தரப்பினரும் கையொப்பமிட்டு மன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். மன்றம் அதனைப் பதிவு செய்து, அதன்படி தீர்ப்பாணை வழங்கும். எதிரி வாக்கு மாறினால் அத்தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரி மனுப்போட்டாலே போதும். புதிய வழக்குத் தேவையில்லை. வெறும் வாபஸ் கையை வெறுமையாக்குகிறது. சமாதானத் தீர்ப்பாணை கையில் ஓர் உறுதிச் சீட்டைத் தருகிறது.

மக்கள் நீதிமன்றமும் இதற்கொரு நல்ல வழி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின்படி அங்கு ஏற்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தமக்குள் தனியே சமாதானமாகி வாபஸ் பெற்றவர்களுக்கும் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. நம் மாநிலத்து வழக்கு ஒன்றிலேயே இது தீர்ந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கையில் தரப்பினர் வெளியே சமாதானமாகி அதனை வாபஸ் பெற்றனர். கட்டணத்தைத் திருப்பித் தர உயர்நீதிமன்றப் பதிவகம் மறுத்தது. அதனைத் தர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியதை, 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆகவே மனமொத்த சமாதானத்திற்குச் சட்டம் தடை செய்யவில்லை, ஊக்கமே அளிக்கிறது.

காலம் நிற்பதில்லை

அனுமதியைப் பெற்றுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று சிலர் எண்ணுவர். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 23ஆவது கட்டளையின் 2ஆவது விதிப்படி, புதிய வழக்கின் காலவரையறையைக் கணக்கிடும்போது, முதல் வழக்கே போடப்படாதது போலக் கருத வேண்டும். முதல் வழக்கில் கழிந்த ஆண்டுகள் பொதுவாகக் கழிக்கப்படமாட்டா.

ஒரு கணக்கைப் பாருங்கள். உரிமையின் அடிப்படையில் நிலத்தின் சுவாதீனத்தை மீட்க 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டுகள் தருகிறது. ஒருவர் தம் நிலத்தை இழந்து 9 ஆண்டுகளுக்குப் பின் வழக்கிட்டார், மேலும் 4 ஆண்டுகள் கழித்து அனுமதியுடன் வாபஸ் பெற்றார். ஆனால் 12 ஆண்டுகள் அதற்குள் முடிந்துவிட்டன. கையில் அனுமதி உண்டு, காலம் இல்லை. உரிமை அறிவிப்புக் கோரும் வழக்குகளில் காலம் இன்னும் குறைவு. பொதுவாக 3 ஆண்டுகளே. அதிகாரமில்லாத மன்றத்தில் நல்லெண்ணத்துடன் வழக்கிட்டு, அக்குறை காரணமாக அனுமதி பெற்று வாபஸ் பெற்றவருக்கு மட்டும், அச்சட்டத்தின் 14ஆவது பிரிவு அக்காலத்தைக் கழித்துக்கொள்ள இடந்தருகிறது. எனவே வாபஸ் மனுவில் கையொப்பமிடுமுன், பஞ்சாங்கம் பார்ப்பதைப் போல் காலக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

எல்லா முடிவும் ஒன்றல்ல

மன்றத்திலிருந்து வரும் உத்தரவின் சொற்களைக் கூர்ந்து நோக்குங்கள். வாதி வராமையால் வழக்குத் தள்ளுபடியாயின், அதே காரணத்தின்மேல் புதிய வழக்கு நில்லாது. ஆனால் போதிய காரணம் காட்டி, 30 நாட்களுக்குள் தள்ளுபடியை நீக்கக் கோரலாம். பிராது நிராகரிக்கப்பட்டதாயின், காலவரையறைக்கு உட்பட்டுப் புதிய பிராது கொடுக்கலாம். 'வலியுறுத்தவில்லை' என்று சொல்லித் தள்ளுபடியானதை, வாபஸ் பெற்றதைப் போன்றதாகவே கருத வேண்டியிருக்கும். எனவே உத்தரவின் சான்று நகலை வாங்கி, "மீண்டும் தாக்கல் செய்யும் உரிமையுடன்" என்ற சொற்கள் அதில் உள்ளனவா என்று நேரில் பாருங்கள். வக்கீலின் குமாஸ்தா சொன்னார் என்பது போதாது.

புதிய நிகழ்ச்சிக்குப் புதிய வழக்கு உண்டு என்பதையும் அறிக. 'அதே பொருள்' என்பது வாதி மெய்ப்பிக்க வேண்டிய சங்கதிகளின் தொகுப்பு என்று 1970ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. பழைய வழக்கை வாபஸ் பெற்றபின் எதிரி புதிதாக வேறோர் இடத்தை ஆக்கிரமித்தால், அது வேறு சங்கதி. அதற்குக் கதவு அடைபடுவதில்லை.

குற்றவியல் புகார்களில் நிலை இன்னும் கடுமையானது. நீதித்துறை நடுவரிடம் கொடுத்த தனிப்புகாரின்மேல் அழைப்பாணை வழக்காக நடப்பதைப் புகார்தாரர் வாபஸ் பெற நடுவர் இசைந்தால், எதிரி விடுதலை செய்யப்படுவார். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 280ஆவது பிரிவு இதனைக் கூறுகிறது. விடுதலையான ஒருவரை அதே குற்றத்திற்காக மறுபடி விசாரிக்க இயலாது.

ஊர்ப் பொது வழக்குகள்

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு தனிச் சொல். ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், சுடுகாட்டுப் பாதை ஆகியவை பற்றி ஊராருக்காகச் சிலர் முன்னின்று வழக்கிடுவது உண்டு. 1ஆவது கட்டளையின் 8ஆவது விதிப்படி ஊர் சார்பாகத் தொடுத்த பிரதிநிதித்துவ வழக்கை, முன்னின்றவர் தம் விருப்பப்படி விட்டுவிட முடியாது. அக்கறையுள்ள அனைவருக்கும் அறிவிப்புக் கொடுத்த பின்னரே வழக்கைக் கைவிடவோ சமாதானம் செய்யவோ இயலும். வாதிகள் பலராயின், மற்றவர்களின் இசைவின்றி ஒருவர் வாபஸ் பெற மன்றம் அனுமதிக்காது. சிறுவருக்காக நடக்கும் வழக்கைக் கைவிட மன்றத்தின் அனுமதி வேண்டும். பாகப்பிரிவினை போன்ற வழக்கில் வாதி விலகினால், தக்க காரணம் உள்ள பிரதிவாதி, தம்மை வாதியாக மாற்றி வழக்கை நடத்தக் கோரலாம்.

பொதுநல மனுக்களுக்கும் இதுவே நெறி. சிறைகளில் வைக்கப்பட்ட சிறுவர்களுக்காக ஷீலா பார்சே என்னும் பத்திரிகையாளர் தொடுத்த மனுவைத் தாமதங்களால் சலித்து வாபஸ் பெற முயன்றபோது, 1988இல் உச்ச நீதிமன்றம் அவரை மட்டும் விலக்கிவிட்டு வழக்கைத் தொடர்ந்து நடத்தியது. பொதுநலம் தனியொருவரின் சொத்தன்று என்பதே அதன் கருத்து.

நம் பகுதியோடு தொடர்புள்ள எடுத்துக்காட்டும் உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீரால் நிலமும் கிணறும் கெடுவதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு தர வேண்டும் என்ற கொள்கை அதில் நிலைநாட்டப்பட்டது. பல்லாவரம் அடங்கியிருந்த அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துத் தொழிற்சாலைகளையும் அவ்வாணை கட்டுப்படுத்தியது. ஐந்தாண்டுக் காத்திருப்பில் சலித்து அவர்கள் விலகியிருந்தால் இப்பயன் வந்திராது. விட வேண்டிய வழக்கை விடுவதைப் போலவே, விடக்கூடாத வழக்கை விடாதிருப்பதும் அறிவுடைமையே.

ஊராட்சி தானே தரப்பினராக உள்ள வழக்கை வாபஸ் பெறுவதாயின், மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, காரணத்தை எழுதிவைத்து, அரசு வழக்கறிஞரின் கருத்தையும் பெற்று, கோப்பில் சேர்ப்பது நன்று. தலைவர் மாறுவார், உறுப்பினர் மாறுவார், ஏரி மாறாது. நாளை வரும் மன்றம், "இதனை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால் விடை தாளில் இருக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

முடிவாக, வாபஸ் பெற நினைக்கும் எவரும் ஐந்து கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். நான் ஏன் வாபஸ் பெறுகிறேன்? இதே உரிமையை மறுபடி கேட்க வேண்டி வருமா? வருமாயின், அனுமதி கோரி மனுச் செய்தேனா? காலவரையறை இன்னும் மிச்சம் உண்டா? எதிரியின் வாக்கு எழுத்தில் உள்ளதா? இவ்வைந்திற்கும் விடை கிடைத்த பின்னரே பேனாவைக் கையில் எடுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று எவரும் தளர வேண்டா. பெண்கள், சிறுவர்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருவாயினர் ஆகியோர்க்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்றங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுவை நாடலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். வட்டாட்சியரிடமும் ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கும் மனு வேறு, நீதிமன்ற வழக்கு வேறு என்பதையும் மறவாதீர்கள். ஒன்றை நம்பி மற்றொன்றை விட்டுவிடுதல் கூடாது.

விதைநெல்லை உண்டுவிட்டு வயலை உழுபவர் நம்மில் இல்லை. வழக்குரிமையும் விதைநெல்லைப் போன்றதே. சமாதானம் என்னும் சோறு இன்றைய பசியைத் தீர்க்கட்டும். ஆனால் நாளைக்கு வேண்டிய உரிமையைச் சேர்த்துச் சமைத்துவிட வேண்டா. வழக்குகள் குறைந்து, ஒற்றுமை ஓங்கி, ஒவ்வோர் உழவரின் நிலமும் அவர் கையிலேயே நிலைத்திருக்க வேண்டும் என்று விழைகிறேன்.